சீட்டில் ரீஃப் டேங்க், உள்ளே கல் உப்பும் வெங்கச்சங்கல்லும்: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டில் முதல்முறையாகக் கடல் மீன் டேங்க், அதிலும் மீனோடு பவளமும் வளர்க்கும் ரீஃப் டேங்க் வைக்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களோடு புதிதாக இதில் இறங்கிய ஒருவருக்கு, "மூணடி ரீஃப் டேங்க், எல்லாம் சேர்த்து 78,000" என்று சொல்லி ஒரு கடைக்காரர் போட்டுக்கொடுத்தார். போட்ட அன்றே மீனும் விட்டார். ஒன்பதாம் நாள் இரண்டு க்ளவுன் மீனும் செத்து மிதந்தன. "தண்ணி இன்னும் செட் ஆகலீங்க, வேற மீன் தர்றனுங்க, பாதி வெலை போட்டுக்கலாம்" என்பதுதான் பதில். அதன்பிறகு நாங்கள் போய் அந்த டேங்கில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். கண்டதை எழுதுகிறோம்.

முதலில் உப்பு. சீட்டில் "ரீஃப் சால்ட் 8 கிலோ" என்று இருந்தது. வந்ததோ பேர் இல்லாத பாலிதீன் பை. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் கண்ணாடித் துணுக்கு மாதிரி சதுரச் சதுரமான பரல்கள். கல் உப்பை உடைத்தால் அப்படித்தான் இருக்கும். ரீஃப் சால்ட் வெள்ளை மாவு மாதிரி இருக்கும். அதில் மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் இருப்பதால் ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாகும். கண்ணை நம்பாதவர்கள் ஒரு லிட்டர் சுத்தமான ஆர்ஓ தண்ணீரில் 37 கிராம் உப்பைக் கரைத்து, சில மணி நேரம் கலக்கவிட்டு, டெஸ்ட் கிட்டில் பாருங்கள். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), மக்னீசியம் 1,250 முதல் 1,400 பிபிஎம், கேஎச் (தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு) 7-க்கு மேல் வர வேண்டும். இந்த உப்பில் கால்சியம் 60, கேஎச் 1. உப்பின் அளவு மட்டும் மீட்டரில் 35 என்று சரியாகக் காட்டியது. ஏமாற்று வேலையே அங்கேதான் இருக்கிறது: உப்பை அளக்கும் அந்த ரிஃப்ராக்டோமீட்டருக்கு எந்த உப்பு என்று தெரியாது, எவ்வளவு உப்பு என்றுதான் தெரியும்.

கேஎச் இல்லாத தண்ணீரில் பவளம் ஓடு கட்டாது என்பது பிறகு வரும் கஷ்டம். அதற்கு முன்பே, மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா வேலை செய்யச் செய்யக் கேஎச் இன்னும் கரையும், பிஎச் சரியும், பாக்டீரியாவும் மந்தமாகும். மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும்.

தண்ணீர் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது: "நம்ம சிறுவாணித் தண்ணிங்க, ஆர்ஓ எல்லாம் எதுக்குங்க?" சிறுவாணி மென்மையான தண்ணீர்தான், குடிக்க அருமையான தண்ணீர்தான். ஆனால் குழாயில் வருவது குளோரின் கலந்த தண்ணீர். தொட்டி, பைப் வழியாக என்ன சேர்ந்தது என்று, கரைந்திருப்பதன் மொத்த அளவை மட்டும் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பிரித்துச் சொல்லாது. வீட்டு ஆர்ஓ மெஷினிலும் பிடிக்காதீர்கள். ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் திருகு பலவற்றில் இருக்கிறது. டேங்குக்கு வேண்டியது கார்பன் ஃபில்டர், ஆர்ஓ, அதன்பின் மிச்சம் இருக்கும் உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின். வெளியே வரும் தண்ணீர் மீட்டரில் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறினால் ரெசின் மாற்றும் நேரம். பல்லடம், அவிநாசிப் பக்கம் 1,000-க்கு மேல் டிடிஎஸ் உள்ள போர் தண்ணீர் என்றால், ஆர்ஓ மெம்பிரேன் 95 சதவீதம் தடுத்தாலும் 50 மிச்சம் நிற்கும். அங்கே டிஐ இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

அடுத்தது, எங்களுக்கு மிகவும் கோபம் வந்த பொருள்: "லைவ் ராக் 15 கிலோ", அதாவது பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடல் கல். ஈரத்துணி கூடப் போடாமல் சாக்கில் கட்டி வந்தது. அதில் உயிர் எதுவும் மிஞ்சவில்லை. இடுக்குகளில் இருந்தவை அழுகி அழுகிய முட்டை வாடை அடித்தது, அமோனியாவும் ஏறியது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஒரு கல்லைக் கழுவி லென்ஸ் வைத்துப் பார்த்தால், குழி குழியாக, ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள். எலுமிச்சையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் சுளை மாதிரி. அது பாறை இல்லை, பவளத்தின் எலும்புக்கூடு. பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டுக்கும் அதே சட்டம்தான். விற்றவருக்கு மட்டுமில்லை, வீட்டில் வைத்திருப்பவருக்கும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கடற்குதிரைக்கும் இதே சட்டம்தான். "ஆர்டர் கொடுத்தா கொண்டாந்து தர்றனுங்க" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இதில் உள்ள வலையைக் கவனியுங்கள். இந்தக் கல்லை வாங்கிய பிறகு நீங்கள் எங்கே போய்ப் புகார் சொல்வீர்கள்? மற்ற பொருளில் ஏமாந்ததைக் கூட வாய் திறந்து சொல்ல முடியாமல் ஆகிவிடும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் யாருக்கும் விற்காதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. புதிதாக வைப்பவர்களுக்கு, மீன்வளர்ப்புக்கென்று செய்த செயற்கைக் கல்லோ பீங்கான் கல்லோ போதும். பாக்டீரியா அதிலும் நன்றாகக் குடியேறும்.

மணலில் எலுமிச்சைச் சாறு சொட்டுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மணல். இந்த டேங்கில் நுரைக்கவே இல்லை. நம் பக்கத்துக் காடுகளில் கிடக்கும் வெங்கச்சங்கல்லை அரைத்துப் போட்டிருந்தார்கள். மார்பிள் தூளும் நுரைக்கும் என்பதால் லென்ஸிலும் பாருங்கள்: நிஜக் கடல் மணலில் சிப்பித் துணுக்கும் ஓட்டைகளும் தெரியும், மார்பிள் கூர்கூராக இருக்கும்.

இனி கண்ணாடியும் சம்பும் (டேங்குக்குக் கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி). டேங்க் 91 x 46 x 46 செ.மீ. சம்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே இருந்தது. கரண்ட் போனால் அந்த 8 செ.மீ. தண்ணீரும் பைப் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கும்: சுமார் 33 லிட்டர். கீழே இருந்த சம்பின் கொள்ளளவு 72 லிட்டர், அதில் ஏற்கெனவே 45 லிட்டர். மிச்ச இடம் 27. ஆறு லிட்டர் உப்புத்தண்ணீர் ஹாலில் ஓடும், பக்கத்திலேயே ப்ளக் பாயின்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் முழுக்க மின்சாரம் நிறுத்துகிற ஊரில் இப்படியா பைப் போடுவது? ஆள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் நின்று பாருங்கள், சம்ப் நிரம்பி வழிகிறதா என்று. பைப் வாயை மட்டத்துக்கு 1, 2 செ.மீ. கீழே தூக்கி வைத்தால் தீர்ந்தது. தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வை மட்டும் நம்ப வேண்டாம், உப்பும் சுண்ணாம்பும் படிந்து ஒருநாள் மூடாமல் நிற்கும்.

லைட் என்று மாட்டியிருந்தது வெள்ளை ஃப்ளட் லைட். பவளத்துக்கு 420 முதல் 460 நானோமீட்டர் நீல ஒளி வேண்டும், இதில் பாசிதான் அதிகம் வளரும்.

ஹீட்டர் ஒன்றும் பில்லில் இருந்தது. குளிர்விக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மார்கழி ராத்திரிக்கு ஹீட்டர் இருக்கட்டும், சித்திரை வெயிலுக்கு என்ன செய்வது? கோவை, பொள்ளாச்சியில் சிறிய ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கும். ஈரோடு, கரூர் வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் இல்லாமல் பவளம் வைக்க வேண்டாம். ஃபேன் ஓடினால், அதிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில், தினமும் சில லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் ஈடுகட்ட 0 டிடிஎஸ் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் கூடாது.

கடைசியாக, பாக்டீரியா பாட்டில் ஒன்றைக் காட்டி, "இந்த பாட்டிலை ஊத்துனா இன்னிக்கே மீன் உடலாங்க" என்று கடைக்காரர் சொன்னது. எந்த பாட்டிலாக இருந்தாலும் சோதிக்காமல் மீன் விடாதீர்கள். 200 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 1.3 கிராம் அமோனியம் குளோரைடு போட்டால் அமோனியா 2 பிபிஎம் வரும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் இதே பொருள்தான், ஆனாலும் அதில் என்ன கலந்திருக்குமோ. ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். போட்ட 24 மணி நேரத்தில் அமோனியாவும், பாக்டீரியா அதை மாற்றும்போது வரும் நைட்ரைட்டும் இரண்டுமே 0 ஆனால்தான் டேங்க் தயார். இந்த நிலைக்கு வர சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதன்பிறகு பாதித் தண்ணீரை மாற்றி, ஒரு ஜோடி மீன் மட்டும் விடுங்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்துக் காட்டி எத்தனையோ வருஷமாகிறது. கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணையில் பொரித்தது எது என்று கேளுங்கள். கடையிலேயே தீனி போடச் சொல்லி, தின்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தொட்டியில் காப்பர் மருந்து போட்டார்களா என்றும் கேளுங்கள். போட்ட தொட்டியின் கல்லும் மணலும் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். கல்லில் ஏறிய காப்பர் பிறகு கசிந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும்.

துண்டுச் சீட்டை ஏற்காதீர்கள். உப்பின் பிராண்ட், லைட்டின் மாடல், மோட்டாரின் வாட், கண்ணாடியின் கனம் எல்லாம் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் மீதி உப்பைக் கொட்டாமல் பையோடு கட்டி வைத்து, டெஸ்ட் கிட் அளவுகளைத் தேதி தெரியப் படம் எடுத்து, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.