கல்மீனா, தவளைமீனா?
பவளப்பாறையில் அசையாமல் கிடந்து இரை பிடிப்பதில் இரண்டுமே கில்லாடிகள். கல்மீன் மணலில் பாதி புதைந்து, இரை வாயருகே வரும்வரை காத்திருக்கும். தவளைமீனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை போலும். முதுகுத்துடுப்பின் முதல் முள்ளே அதற்குத் தூண்டில். நுனியில் புழுவோ இறாலோ என்று மயங்கவைக்கும் சதைத்துணுக்கு. அதை ஆட்டி ஆட்டியே மீனை வரவழைக்கும். வாய் திறந்து உறிஞ்ச சுமார் 6 மில்லிசெகண்ட் போதும். தன் அளவுக்கு நிகரான மீனையும் விழுங்கிவிடும். வேட்டையில் என் ஓட்டு இதற்குத்தான்.

தற்காப்பில் கதை வேறு. தவளைமீனுக்கு உருமறைப்பை விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. கல்மீன் முதுகிலோ 13 நச்சுமுட்கள். தேடிவந்து குத்தாது, மிதித்தால்தான் வினை. மன்னார் வளைகுடாவிலும் இது உண்டு. குத்துப்பட்டால் காலைப் பொறுக்கக்கூடிய வெந்நீரில் வைத்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.