விபத்து இழப்பீட்டு வழக்கும் மக்கள் நீதிமன்றமும்: எங்கள் அனுபவம்

என் கணவர் தச்சர். பைக்கில் போனவரை மினி லாரி இடித்து வலது மணிக்கட்டு நொறுங்கியது. பிளேட் வைத்தார்கள். இழப்பீட்டுப் பணம் கைக்கு வர மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் முடித்துக்கொடுத்தது எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த தேசிய மக்கள் நீதிமன்றம்தான் (இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்). காலையில் உட்கார்ந்தோம், மதியச் சாப்பாட்டுக்கு முன் கையெழுத்து ஆகிவிட்டது. 5க்கு 4 நட்சத்திரம் தருவேன்.

ஆனால் ஒரே நாளில் தீர்வு கிடைக்கும் என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள். அந்த நாள் வருவதற்கு முன்னால்தான் காலம் போகிறது. எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, வண்டி ஆய்வு அறிக்கை, லாரியின் இன்சூரன்ஸ் நகல் எல்லாம் சேர வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் சட்டத் திருத்தம் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. அதனால் கட்டு பிரிக்கும் முன்னரே வக்கீல் வாகன விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்ற இழப்பீட்டு மனுவைப் போட்டுவிட்டார். அப்புறம் வாய்தா மேல் வாய்தா. இன்சூரன்ஸ் தரப்பு கவுண்டர் (பதில் மனு) போடவே மாதக்கணக்கில் இழுத்தது.

எல்லாவற்றையும்விட நாள் பிடித்தது ஊனச் சான்று. எலும்பு கூடி, பிசியோதெரபி முடிந்து, இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஊனத்தை அளக்கும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு பார்க்கும். இதில் அவசரப்பட்டுப் பயனில்லை. சிகிச்சை முடியாமல் சமரசம் செய்து முடித்துவிட்டால், பிறகு வரும் பிளேட் எடுக்கும் செலவைத் தனியாகக் கேட்க முடியாது.

மக்கள் நீதிமன்றத்தில் எங்களுக்குப் பிடித்தது, அவரையே பேசவிட்டது. இன்சூரன்ஸ் வக்கீல் ஊனச் சான்றில் உள்ள சதவீதத்தைக் குறைத்து, முழு உடலுக்கு 10 சதவீதம்தான் என்று கணக்குப் போட்டார். நீதிபதி இவரைப் பார்த்து, "கையை மடக்கிக் காட்டுங்க" என்றார். பாதிதான் மடங்கியது. "இழைப்புளி பிடிக்க முடியுதா?" என்று கேட்டார். இவர், "பிடிக்கலாம்ங்க ஐயா, தள்ள வலு இல்லை. தேக்குக் கதவு வேலையை எல்லாம் விட்டுட்டேன்" என்றார்.

அதற்கப்புறம் பேச்சே மாறியது. ஒரே காயம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி பாதிக்கும், தொழிலைப் பார்த்துத்தான் வருமான இழப்பைக் கணக்கிட வேண்டும் என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எங்கள் வக்கீல் எடுத்து வைத்தார். மாத வருமானம் 15,000 ரூபாய், அதாவது வருடத்துக்கு 1,80,000 ரூபாய். இதை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; 42 வயதுக்கு அந்தப் பெருக்கல் எண் 14. இதில் வருமான இழப்பு 10 சதவீதம் என்றால் 2,52,000 ரூபாய், 20 என்றால் 5,04,000 ரூபாய். எங்கள் சண்டை முழுக்க இந்த இடைவெளிக்குத்தான். மருத்துவச் செலவு, வட்டி எல்லாம் சேர்த்து 5,75,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டோம்.

தீர்ப்பு வரை போயிருந்தால் கூடுதலாக வந்திருக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வந்திருக்கலாம். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போனால் இன்னும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. பையனின் காலேஜ் ஃபீஸ் நேரத்தில் எங்களுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. பணம் இரண்டு மாதத்துக்குள் அவர் கணக்குக்கு வந்தது.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் உண்டு. உட்கார இடம் போதவில்லை, காலில் கம்பியோடு வந்தவர்கள்கூட வராந்தாவில் நின்றார்கள். தொகையை யோசிக்க இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம். ஆனாலும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிடிக்கவில்லை என்றால் வழக்கு பழையபடி தீர்ப்பாயத்துக்கே திரும்பிப் போகும். எங்களுக்கு அடுத்து வந்த அம்மா அப்படித்தான் மறுத்துவிட்டுப் போனார்.

இதற்குத் தனியாகக் கட்டணம் இல்லை. சான்றெல்லாம் தயாராக இருந்தால், வழக்கு எண்ணோடு நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் அடுத்த அமர்வு எப்போது என்று கேளுங்கள்.