ஆள் நிற்கவில்லை: சம்பளத்தைக் கூட்டிய ஃபோர்டு, வேலையை மாற்றிய வோல்வோ

சேர்ந்தவர்கள் ஆறு மாதம்கூட நிற்காமல் கிளம்பினால் நிர்வாகத்துக்கு இரண்டு வழிதான் தோன்றும். சம்பளத்தைக் கூட்டலாம், இல்லையென்றால் வேலையையே மாற்றலாம். இரண்டையும் பெரிய அளவில் செய்து பார்த்த கார் கம்பெனிகள் இருக்கின்றன.

அமெரிக்காவில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலைக்கு 1913இல் நகரும் அசெம்பிளி லைன் வந்தது: கார் நகர்ந்து வரும், ஆள் நின்ற இடத்திலேயே ஒரே வேலையைச் செய்வார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) வேலை, சில மாதங்களில் ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. நட்டை மாட்டுகிறவர் நாள் முழுக்க மாட்டிக்கொண்டே இருப்பார்; அதை முடுக்குவது பக்கத்து ஆள். யார் தாங்குவார்கள்? சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலைக்கு அந்த ஒரே வருடத்தில் 52,000க்கும் மேல் ஆள் எடுத்தார்கள். விலகல் விகிதம் 370 சதவீதம்!

1914 ஜனவரி 5 அன்று முதலாளி ஹென்றி ஃபோர்டு அறிவித்தார்: நாளுக்கு ஐந்து டாலர், ஒன்பது மணி நேரத்துக்குப் பதில் எட்டு. அதுவரை கூலி 2.34 டாலர். வேலை கேட்டு வாசலில் குவிந்த கூட்டத்தைக் கடுங்குளிரில் தண்ணீர் பீய்ச்சிக் கலைக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடமே விலகல் 16 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

கணக்குப் பார்த்தால் அபார வெற்றி. ஆனால் அந்த ஐந்து டாலரில் பாதிக்கு மேல் கூலி இல்லை, 'லாபப் பங்கு'. அதைக் கொடுக்கலாமா என்று பார்க்க, கம்பெனி ஆள் தொழிலாளியின் வீட்டுக்கே வருவார்: குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமா? லைனில் மட்டும் எதுவும் மாறவில்லை. அலுப்புக்கு விலை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எழுபதுகளில் ஸ்வீடனின் வோல்வோவுக்கும் ஆள் நிற்காத இதே பிரச்சினை. ஆனால் அங்கே ஃபோர்டின் வித்தை செல்லாது. அப்போது அங்கே சம்பளத்தைத் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கமும் நாடு தழுவிப் பேசி முடிப்பார்கள். ஒரு கம்பெனி தனியாக இரட்டிப்பாக்க முடியாது. வேலையும் தாராளமாகக் கிடைத்த காலம். பிடிக்காவிட்டால் வேறு இடம்.

அதனால் வோல்வோ 1974இல் கால்மர் நகரில் லைனே இல்லாத ஆலையைத் திறந்தது. பேட்டரி வண்டிகளில் கார் உடல் அணியிடம் வரும். பதினைந்து இருபது பேர் கொண்ட அணி, மின் இணைப்பு போன்ற ஒரு பகுதியை முழுசாகச் செய்யும். அடிப்பக்க வேலைக்கு வண்டி காரை அப்படியே பக்கவாட்டில் சாய்த்துக் கொடுக்கும். அண்ணாந்து கழுத்து நோக வேண்டாம். சீக்கிரம் முடித்துச் சில கார்களைச் சேர்த்து வைத்துவிட்டால், அணியின் சொந்தக் காபி அறையில் உட்காரலாம். எனக்கு இந்த விஷயம்தான் ரொம்பப் பிடித்தது: எப்போது மூச்சு விடுவது என்பதை லைன் தீர்மானிக்கவில்லை. 1989இல் இன்னொரு ஸ்வீடன் நகரமான ஊடேவல்லாவில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு சிறு அணியே முழுக் காரையும் கட்டியது.

நான் இந்த இரண்டில் ஒன்றுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால் யோசிக்காமல் வோல்வோதான். ஆலை நடத்துகிறவனாக இருந்தால், சரி, ஃபோர்டின் வழி ஒரே வருடத்தில் பலன் காட்டியதை மறக்க முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்வீடனில் மந்தநிலை. கார் விற்பனை சரிந்தது, வேலையில்லாதவர்கள் பெருகினார்கள், ஆள் ஓடிவிடுவார் என்ற பயமும் போனது. 1993இல் ஊடேவல்லாவையும் மறு வருடம் கால்மரையும் மூடிவிட்டு, வோல்வோ பழையபடி லைன் ஓடும் ஆலைகளுக்கே திரும்பியது.