டிஸ்எபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: மறுமருத்துவ வாரியமா, மேல்முறையீடா, தீர்ப்பாயமா?

ராணுவத்தில் பதினேழு, இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு, இரத்த அழுத்தமோ முதுகுத்தண்டுக் கோளாறோ காது மந்தமோ உடன்வர ஊர் திரும்பும் ஜவான்கள் நாங்குநேரி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமங்களில் ஏராளம். ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டதும் அவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "கேஸ் போட்டுரலாமா அண்ணாச்சி?" என்பதுதான். வழக்கு ஒரு வழி. அதற்கு முன்னும் பக்கத்திலும் வேறு வழிகள் உண்டு. எது நமக்கு உரியது என்பதை, ஓய்வு பெறும்போது நடந்த மருத்துவ வாரியத்தின் நடவடிக்கைத் தாளே சொல்லிவிடும்.

ஆகவே முதலில் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கைப் பத்திரமாக வைத்திருப்பவர்களிடம்கூடப் பெரும்பாலும் இது இருப்பதில்லை. இல்லையென்றால், பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் படைப்பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் உரிய ரெக்கார்டு ஆபீஸுக்கு விண்ணப்பித்து வாங்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டனுக்கு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோட்டுக்கு எழுத வேண்டும்.

தாள் வந்ததும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டா என்பது பற்றிய வாரியத்தின் கருத்து. பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் மோசமடைந்ததும் அல்ல என்பதை நம் ஆட்கள் சுருக்கமாக "நானா" என்று சொல்வார்கள். இரண்டாவது, விழுக்காடு. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு, பணித்தொடர்பும் வேண்டும், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமும் வேண்டும். இரண்டில் எது தடையாக நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

தடை விழுக்காடு மட்டும்தான் என்றால், ஊனத்தை மீண்டும் மதிப்பிடும் மறுமருத்துவ வாரியம் கேட்பது முறையான வழி. 2001 பிப்ரவரி 7 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதத்தின்படி, நிரந்தரத் தன்மையுள்ள ஊனத்துக்கு வாரியம் தரும் விழுக்காடு வாழ்நாள் முழுவதற்கும் இறுதியானது. பாதிக்கப்பட்டவரே மறுஆய்வு கேட்டால் மட்டும் அது மீண்டும் பரிசீலிக்கப்படும். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விழுக்காட்டை மேல்நோக்கி முழுமையாக்கும் முறை ஒன்று நடைமுறையில் இருக்கிறது: தகுதி பெற்ற ஊனம் 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் கொள்ளப்படும். ஊனக் கூறு, அதாவது ஓய்வூதியத்தில் ஊனத்துக்காகத் தரப்படும் பகுதி, நூறு விழுக்காட்டு ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு விழுக்காட்டுக்கு 12,000, ஐம்பதுக்கு 6,000, எழுபத்தைந்துக்கு 9,000, அகவிலைப்படி தனி. எனவே 30 விழுக்காட்டை 40 ஆக்குவதற்காக அலைந்து, திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ மருத்துவமனைக்குப் போய் நின்று வந்தாலும் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. 40 என்பது 50 ஆனால் மாதம் 3,000 கூடும். மறுஆய்வில் விழுக்காடு குறையவும் வாய்ப்பு உண்டு என்பதால், 30-இல் இருப்பவர் சும்மா இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

15 முதல் 19 வரை என்று எழுதப்பட்டவரின் நிலைதான் மனதை வருத்துவது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு 20-க்குக் கீழே ஊனக் கூறும் இல்லை, முழுமையாக்கலும் இல்லை என்று 2019 டிசம்பரில் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இவருக்குச் சட்ட வாதத்தை விட, புதிய பரிசோதனை அறிக்கைகளோடு கேட்கும் மறுமருத்துவ வாரியமே பயன் தரும். நோயைக் காரணம் காட்டிப் பணிக்காலம் முடியும் முன்பே வெளியேற்றப்பட்டவரின் நிலை வேறு. அவருடைய ஊனம் 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்பது 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு.

தடை "நானா" என்றால் மறுமருத்துவ வாரியத்தைத் தேடிப் போவதில் பொருள் இல்லை. இங்கே மேல்முறையீடும் ஆயுதப்படைத் தீர்ப்பாயமும்தான் வழி. இந்த மறுப்புகள் பலவற்றில் ஒரே வாசகம்தான் இருக்கும்: நோய் பீஸ் ஸ்டேஷனில் (போர்ப் பகுதி அல்லாத அமைதிப் பணியிடத்தில்) தொடங்கியது, எனவே பணிக்குத் தொடர்பில்லை. அதே தாளில் சில வரிகள் முன்பாக, பணியில் சேரும் முன் இந்நோய் இருந்ததா என்ற கேள்விக்கு "இல்லை" என்று வாரியமே பதில் எழுதியிருக்கும். 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். வாரியம் காரணம் எழுத வேண்டும் என்று அத்தீர்ப்பு சொல்கிறது.

முதல் மேல்முறையீட்டை, மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் ரெக்கார்டு ஆபீஸ் வழியாக அனுப்ப வேண்டும். செலவு என்று பார்த்தால் தபால் கட்டணம்தான். எழுதத் தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். அதுவும் நிராகரிக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீடு உண்டு. இந்த மேல்முறையீடுகளை ஆராயும் குழுக்கள் பெரும்பாலும் அதே தாள்களை வைத்தே முடிவு செய்வதால் நான் அவற்றின் மேல் பெரிய நம்பிக்கை வைப்பதில்லை. ஆனாலும் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007, இருக்கும் முறையீடுகளை முடித்துவிட்டு வருவதையே சாதாரணமாக எதிர்பார்க்கிறது. முறையீடு கொடுத்து ஆறு மாதம் கடந்தும் இறுதி உத்தரவு வராவிட்டால் தீர்ப்பாயத்தை நாடலாம். பதிலுக்காகவே ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய இழப்பு. ஏனென்றால், காலந்தாழ்ந்து வந்தாலும் ஓய்வூதியம் கிடைக்கும், நிலுவை மட்டும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும் என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் முடிவாயிற்று. பத்து ஆண்டு பொறுத்தவர் ஏழு ஆண்டுப் பணத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணமும் காலமும் கூடுதலாகும் என்றாலும், ஒவ்வொரு தேதிக்கும் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய் நிற்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் ஆஜரானால் போதும். பணித்தொடர்பு பற்றிய சட்டக் கேள்விக்கு இதைவிடத் தகுதியான இடம் இல்லை. தேவைப்பட்டால் புதிய மருத்துவ வாரியத்தைக் கூட்டும்படி தீர்ப்பாயமே உத்தரவிடவும் முடியும். மதுரைக் கிளை பக்கத்தில் இருப்பதால் நேராக அங்கே ரிட் போடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். தீர்ப்பாயத்தின் முடிவுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தீர்ப்பாயத்தைத் தாண்டிக் குதித்து அங்கே போனால் திருப்பி அனுப்பப்படவே வாய்ப்பு அதிகம்.

2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெறுவோருக்குப் புதிய தகுதி விதிகள் பொருந்தும்; அவை முன்பை விட இறுக்கமானவை என்பதால், தரம்வீர் சிங் தீர்ப்பை மட்டும் நம்பி அவர்கள் இறங்கக் கூடாது. இன்னும் பணியில் இருக்கும் தம்பிமார், காதில் இரைச்சல் தொடங்கிய நாளிலேயே யூனிட் மருத்துவ அலுவலரிடம் காட்டி, எந்த இடத்தில், எந்தப் பணியின்போது தொடங்கியது என்பதை மருத்துவப் பதிவில் எழுதச் செய்ய வேண்டும்.