1945க்குப் பிறகு போரில் அணுகுண்டு ஏன் விழவில்லை? மோதும் கோட்பாடுகள் சொல்லும் பதில்கள்

சர்வதேச உறவுக் கோட்பாடுகளை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. யதார்த்தவாதம் அதிகாரத்தைப் பேசும், தாராளவாதம் ஒத்துழைப்பைப் பேசும், கட்டுமானவாதம் கருத்துகளையும் அடையாளங்களையும் பேசும் என்று ஓர் அட்டவணை. முடிவில் மூன்றும் வேண்டும் என்று ஒரு சமரசம். எது எங்கே கைகொடுக்கும், எது எங்கே கைவிடும் என்பது கடைசிவரை தெரியாது. இவற்றை உரசிப் பார்க்க ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். நாகசாகிக்குப் பிறகு எந்தப் போரிலும் அணுகுண்டு வீசப்படவில்லையே, ஏன்? இதையொட்டி இன்னொரு கேள்வியும் உண்டு. 1970களில் 15, 20 அல்லது 25 நாடுகளிடம் இந்த ஆயுதம் இருக்கும் நிலை வரலாம் என்று 1963 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி அஞ்சினார். இன்று ஒன்பது நாடுகளிடம்தான் இருக்கிறது. மற்றவை ஏன் செய்யாமல் விட்டன?

யதார்த்தவாதத்தின் பதில் நேரடியானது. நாடுகளுக்கு மேலே காவல்துறையோ நீதிமன்றமோ கிடையாது. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அடித்தளத்தின் மேல் 1979இல் ஒரு முழுக் கோட்பாட்டைக் கட்டிய கென்னத் வால்ட்ஸ், 1981இல் அதை அணு ஆயுதத்துக்குப் பொருத்தினார். பதிலடியில் தன் நகரங்கள் சாம்பலாகும் என்று தெரிந்தால் எந்த அரசும் முதலில் கைவைக்காது. எனவே அணு ஆயுதம் மெல்ல மெல்ல இன்னும் சில நாடுகளுக்குப் பரவினால்கூட உலகம் அமைதியாகலாம் என்றார். பலரும் அதிர்ந்தனர். அவர் பின்வாங்கவில்லை. 2012இல், ஈரானிடம் குண்டு இருப்பது மேற்காசியாவில் நிலைத்தன்மையைத் தரும் என்று எழுதினார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் தன் கோட்பாடு எங்கே கொண்டுபோய் விட்டாலும் அதுவரை போகத் துணிந்தவர் என்ற மரியாதை அவருக்குச் சேரும்.

அவரை மிகக் கடுமையாக எதிர்கொண்டவர் ஸ்காட் சேகன். இந்த மூன்று முகாம்களுக்கும் வெளியே, நிறுவனங்கள் எப்படித் தவறு செய்கின்றன என்ற ஆய்விலிருந்து வந்தவர். குண்டை வைத்திருப்பது அரசு என்ற ஒற்றை மூளை அல்ல. ராணுவப் பிரிவுகள், காவலர்கள், மின்கம்பிகள், அவசர மணிகள் என்பது அவர் வாதம். 1993இல் வெளியான நூலில் அவர் விவரிக்கும் ஒரு சம்பவம் போதும். 1962 அக்டோபர் 25, கியூபா ஏவுகணை நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம். மின்னசோட்டாவின் டுலூத் விமானத் தளத்தில் நள்ளிரவில் யாரோ வேலியேறுவதைக் கண்ட காவலர் சுட்டார், நாசவேலை எச்சரிக்கையை அழுத்தினார். சுற்றியிருந்த தளங்களிலும் மணி அடித்தது. விஸ்கான்சினில் உள்ள வோக் ஃபீல்டில் மட்டும் கம்பி தப்பாக இணைக்கப்பட்டிருந்ததால், விமானங்களைக் கிளம்பச் சொல்லும் மணி ஒலித்தது. அந்த நாட்களில் ஒத்திகை எதுவும் இருக்காது என்று விமானிகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. எனவே போர் தொடங்கிவிட்டது என்றே நம்பி, அணு ஆயுதம் பொருத்திய விமானங்களோடு ஓடுபாதைக்கு வந்துவிட்டார்கள். கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஒருவர் காரை விரட்டிவந்து, விளக்கை மின்னவிட்டு அவர்களை நிறுத்தினார். டுலூத்தில் வேலியேறியது ஒரு கரடி.

வால்ட்ஸின் தர்க்கத்தில் எந்த ஓட்டையும் இல்லாமலே அந்த இரவு பெருந்தீங்கு நேர்ந்திருக்கலாம். தலைவர்கள் பதிலடிக்கு அஞ்சினார்கள் என்பது உண்மை. தப்பாக இணைத்த கம்பிக்கு அந்த அச்சம் கிடையாது. இந்த இடத்தில் சேகன் பக்கமே நிற்கிறேன்.

விவாதம் அதோடு முடியவில்லை என்பதற்குக் கார்கில் சாட்சி. 1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அணு ஆயுதச் சோதனை நடத்தின. ஓராண்டுக்குள் சண்டை மூண்டது. அது முழுப்போராக வெடிக்காமல் அடங்கியது, ஆகவே அச்சம் வேலை செய்தது என்று வால்ட்ஸ் வாதிட்டார். அணுகுண்டின் நிழலில் ஊடுருவினால் எதிராளி பெரிதாகத் திருப்பி அடிக்க மாட்டான் என்ற ராணுவக் கணக்குதான் சண்டையையே கிளப்பியது என்றார் சேகன். அதே கார்கில் தாராளவாதிகளையும் குடைந்தது. மக்களாட்சி நாடுகள் தங்களுக்குள் போரிடுவதில்லை என்ற கருத்தை, தத்துவஞானி கான்டின் 1795ஆம் ஆண்டு நூலிலிருந்து எடுத்து 1983இல் மைக்கேல் டாயில் வலுவாக முன்வைத்திருந்தார். 1999இல் இரு நாடுகளிலும் தேர்தலில் வென்ற அரசுகளே இருந்தன. ஒரு சண்டையைப் போர் என்று எண்ண ஆய்வாளர்கள் வைத்த ஆயிரம் போர்க்களச் சாவுகள் என்ற வரையறையைத் தாண்டியதா, பாகிஸ்தானை முழு மக்களாட்சி என்று எண்ணலாமா என்று ஆய்வாளர்கள் தங்கள் வரையறைகளைத் திரும்பப் புரட்டினார்கள். ஒரு கோட்பாடு அடிவாங்கும்போது அதன் ஆட்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், எதை இறுகப் பிடிக்கிறார்கள் என்று கவனித்தால் அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அணு ஆயுத விஷயத்தில் தாராளவாதத்தின் பலம் மக்களாட்சியைவிட நிறுவனங்களைப் பற்றிய அதன் பார்வையில்தான் இருக்கிறது. ஒருவரை ஒருவர் நம்பாத நாடுகள்கூட, ஏமாற்றினால் கண்டுபிடிக்க வழி இருந்தால் ஒத்துழைக்கும் என்று 1984இல் ராபர்ட் கியோஹேன் காட்டினார். 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமும் சர்வதேச அணுசக்தி முகமையின் சோதனைகளும் செய்தது அதைத்தான். தோல்வியிலிருந்து பாடம் கற்ற வரலாறும் அந்த முகமைக்கு உண்டு: ஈராக் ரகசியமாகக் குண்டுத் திட்டம் நடத்தியது 1991 போருக்குப் பிறகு அம்பலமாகவே, சோதனை அதிகாரங்களை விரிவாக்கும் கூடுதல் நெறிமுறை 1997இல் வந்தது. யதார்த்தவாதிகளின் மறுப்பும் லேசானதல்ல. தென்கொரியாவும் தைவானும் குண்டு முயற்சியைக் கைவிட்டது ஒப்பந்தத்தைப் பார்த்தா, அமெரிக்காவின் அழுத்தத்தைப் பார்த்தா? இரண்டாவதே பெரிய காரணம் என்பதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. வடகொரியா 2003இல் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவதாக அறிவித்து, 2006இல் சோதனையே நடத்தியது.

முதல் கேள்விக்கு வருகிறேன். பதிலடி அச்சத்தால் ஒரு விஷயத்தை விளக்கவே முடியாது: திருப்பி அடிக்க முடியாதவர்கள்மேல் ஏன் போடவில்லை? 1949வரை அமெரிக்காவிடம் மட்டுமே குண்டு இருந்தது. வியட்நாமில் தோற்றுக்கொண்டிருந்தபோதும் அது வீசவில்லை. நீனா டானென்வால்டின் ஆய்வு இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. ஆட்சியாளர்களின் கூட்டக் குறிப்புகளைத் தோண்டி, அணு ஆயுதத்தின்மேல் ஒரு தீட்டு மெல்லப் படிந்ததை அவர் காட்டினார். 1953இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டல்லஸ், இந்த ஆயுதத்தைச் சுற்றியுள்ள தடையை எப்படியாவது அகற்றியாக வேண்டும் என்று வாதாடியிருக்கிறார். இல்லாத ஒன்றை அகற்ற யாரும் கூட்டத்தில் மல்லுக்கட்ட மாட்டார்கள். நாடுகளுக்கு மேலே அதிகாரம் இல்லாத நிலையின் பொருளை நாடுகளே உருவாக்குகின்றன என்று 1992இல் கட்டுமானவாதி அலெக்சாண்டர் வென்ட் வாதிட்டது பலருக்கு வெறும் தத்துவமாகத் தோன்றியது. டானென்வால்ட் அந்த வழியில் ஆவணச் சான்றோடு வந்தார். டி. வி. பால் கொஞ்சம் இறங்கிவந்து, இது தீட்டு என்னுமளவுக்கு ஆழமானதல்ல, நற்பெயருக்கு அஞ்சிக் காக்கப்படும் மரபு மட்டுமே என்றார். இந்த வேறுபாடு சிறியதல்ல. மரபை ஒரு நெருக்கடியில் மீறலாம்; தீட்டை மீறக் கை கூசும்.

பின்காலனியப் பார்வைக்கு, அதாவது முன்னாள் காலனி நாடுகளின் பக்கமிருந்து உலகைப் பார்ப்பதற்கு, இங்கே ஒரு கூர்மை உண்டு. 1967க்கு முன் குண்டு வெடித்துப் பார்த்த ஐந்து நாடுகளை அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமே அங்கீகரித்து, மற்றவர்களைக் கைகழுவச் சொன்னது. இதை அணு ஆயுத நிறவெறி என்று இந்திய அரசியல் தலைவர் ஜஸ்வந்த் சிங் 1998இல் சாடினார். 2017இல் 122 நாடுகள் வாக்களித்து நிறைவேற்றிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் குண்டு வைத்திருக்கும் நாடு ஒன்றுகூட இதுவரை சேரவில்லை. பெண்ணியப் பார்வையில் கரோல் கோன் 1987இல் செய்த வேலையும் முக்கியம்: அணுப்போர் வல்லுநர்கள் பேசும் சொற்களில் சாகும் மனிதர்களுக்கே இடமில்லை என்பதை அவர்கள் நடுவே இருந்து பார்த்து எழுதினார். ஒப்பீட்டு அட்டவணைகளில் இந்த இரண்டும் கடைசி வரிசையில் ஒட்டுப்போட்டதுபோல் வருவது அநியாயம்.

ஆக, குண்டு ஏன் வீசப்படவில்லை என்பதில் டானென்வால்ட் பக்கம் சாய்கிறேன். ஏன் பரவவில்லை என்பதில் வல்லரசின் அழுத்தமும் சோதனை முறையும் சேர்ந்த விளக்கமே நிற்கிறது. முதல் முடிவை ஆட்டிப்பார்க்கும் சான்று ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. 2017இல் சேகனும் பெஞ்சமின் வாலன்டினோவும் வெளியிட்ட கருத்தாய்வில், ஈரானோடு போர் மூண்டதாக ஒரு கற்பனைச் சூழல் தரப்பட்டது. 20,000 அமெரிக்க வீரர்கள் சாவதைத் தவிர்க்க, ஒரு லட்சம் ஈரானியப் பொதுமக்களைக் கொல்லும் அணுத்தாக்குதலை ஏற்பீர்களா என்ற கேள்விக்கு, ஏறக்குறைய 60 சதவீத அமெரிக்கர்கள் ஏற்பதாகச் சொன்னார்கள். தீட்டு என்று ஒன்று இருந்தால் அது மக்கள் மனதில் இல்லை; முடிவெடுக்கும் சிறு வட்டத்துக்குள், அங்கே புழங்கும் பழக்கங்களில் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் யார் வருகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது, மக்களாட்சி நாடுகளிலாவது, அதே மக்கள்தான். கட்டுமானவாதிகள் அடுத்து பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.