தாடை எலும்பில் சீழ்: கத்தியா, மாத்திரையா, ஒட்சிசன் அறையா?

தாடைப் புண் மாதக்கணக்கில் ஆறாவிட்டால், வெளிநாட்டுப் பிள்ளைகள் தொலைபேசியில் ஒட்சிசன் அறையைப் பற்றிச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் காணியை ஈடு வைக்க யோசிக்கிறார். பொறுங்கள். சத்திரசிகிச்சைதான் முதலில், மற்றவை அதற்குத் துணை.

நாட்பட்ட சீழில் எலும்பின் ஒரு துண்டு செத்துப்போகும். செத்த எலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. விழுங்கும் மருந்தோ இரத்தத்தின் வழியாகவே போக வேண்டும். அந்தத் துண்டு உள்ளே கிடக்கும்வரை, மாத்திரையை நிறுத்தியதும் சீழ் திரும்பும். அதை அகற்றி, எந்தக் கிருமி என்று சோதித்து, அதற்கேற்ற மருந்தை வாரக்கணக்கில் கொடுப்பதே அடிப்படை. நீரிழிவையும் அடக்க வேண்டும்.

ஒட்சிசன் அறையில் சாதாரணக் காற்றழுத்தத்தைவிட 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கிறோம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 90 நிமிடம். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 30 தடவைக்கு ஆறு வாரம். கொழும்பில் செய்வதானால் அறை வாடகை, துணைக்கு ஒருவர், சாப்பாடு என்று செலவு சிகிச்சைக் கட்டணத்தோடு நிற்காது. காது அடைப்பும் தற்காலிகக் கிட்டப்பார்வையும் வரலாம்.

கதிர்ச் சிகிச்சை பெற்ற தாடையில்தான் உண்மையான வாக்குவாதம். வெற்றிலையோடு புகையிலை சப்பி வாய்ப்புற்றுநோய் வந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது நேரடியான கேள்வி. கதிர் எலும்பின் நுண்குழாய்களை அழிக்கிறது. ஒட்சிசன் புதிய குழாய்களை வளர்க்கும் என்பதே நம்பிக்கை. 1985இல் அமெரிக்க வைத்தியர் மார்க்ஸின் குழு வெளியிட்ட ஆய்வில், கதிர் பெற்ற 74 பேருக்குப் பல் பிடுங்கியபோது எலும்பு அழுகல் பெனிசிலின் பெற்றவர்களில் சுமார் 30 வீதம், ஒட்சிசன் பெற்றவர்களில் சுமார் 5 வீதம். அந்த ஒற்றை ஆய்வின் மேல் பல ஆண்டு நடைமுறை கட்டப்பட்டது. இதே கேள்வியை மீண்டும் சோதித்து 2019இல் வெளியான ஹோப்பன் (HOPON) ஆய்வில் 144 பேர் சேர்க்கப்பட்டார்கள். அழுகல் ஒட்சிசனோடு 6.4 வீதம், இல்லாமல் 5.7 வீதம். தாடை எலும்பு ஏற்கெனவே அழுகியவர்களிடம் 2004இல் பிரான்சில் செய்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது: குணமானோர் ஒட்சிசனில் 19 வீதம், போலிச் சிகிச்சையில் 32 வீதம். இதற்குப் பிறகும் ஒட்சிசனை முதல் வழியாக விற்பவரை நான் நம்பமாட்டேன்.

கதிரால் அழுகிய எலும்புக்குப் பென்டொக்சிஃபிலின் என்ற இரத்த ஓட்ட மருந்தையும் விட்டமின் ஈயையும் சேர்த்து மாத்திரையாகக் கொடுப்பதற்குச் சான்று இன்னும் மெலிது. ஆனால் வீட்டிலிருந்தே விழுங்கலாம். தாடை முறிந்தால் கீழ்க்காலின் மெல்லிய வெளி எலும்பை இரத்தக்குழாயோடு எடுத்துப் பொருத்துகிறார்கள்.

நன்றாகச் சுத்தம் செய்து, சரியான மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வரும் சீழுக்கு ஒட்சிசன் அறையை யோசிக்கலாம். கதிர்ச் சிகிச்சை இனிமேல்தான் என்றால், கெட்ட பற்களை அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பிடுங்கிவிடும்படி பல் வைத்தியரிடம் கேளுங்கள்.