பெரோமோன் செண்ட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பூசிக்கொண்டால் எதிர்பாலினத்தவர் தாமாகவே நெருங்கி வருவார்கள் என்று சொல்லி விற்கும் செண்டுகளில் பணத்தை விட்டவர்கள் ஏராளம். பெரோமோன் என்பது ஓர் உயிரினம் தன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றுக்குச் செய்தி சொல்ல வெளிவிடும் வேதிப்பொருள். ஏமாற்று வேலை புட்டியின் அட்டையிலேயே தொடங்குகிறது.

அதில் பெரும்பாலும் மூன்று பெயர்களில் ஒன்று இருக்கும். முதலாவது ஆண்ட்ரோஸ்டினோன். இது ஆண்பன்றியின் எச்சிலில் இருப்பது. சினைப்பருவத்தில் உள்ள பெண்பன்றி இதை முகர்ந்தால் அசையாமல் நின்றுவிடும். பண்ணைகளில் சினைப்பருவம் பார்க்க இதை ஸ்ப்ரேயாகவே அடிக்கிறார்கள். பன்றிக்கு வேலை செய்கிறது, சந்தேகமில்லை. மனிதர்களிலோ சிலருக்கு இதன் வாடையே தெரியாது. சிலருக்கு இனிப்பு மணம். பலருக்கு மூத்திர நாற்றம். மூக்கில் வாடையை உணரும் ஓஆர்7டி4 என்ற ஏற்பியின் மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ‘செறிவு மிக்கது’ என்ற புட்டியைத் தாராளமாகப் பூசினால் பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்காரத்தான் வாய்ப்பு அதிகம்.

மற்ற இரண்டு, ஆண் வியர்வையில் உள்ள ஆண்ட்ரோஸ்டாடையினோனும் கர்ப்பிணிகளின் சிறுநீரில் கண்டறியப்பட்ட எஸ்ட்ராடெட்ராயினாலும். 1991இல் பாரிஸில் நடந்த மாநாடு ஒன்றுக்குப் பிறகுதான் இவை ‘மனித பெரோமோன்’ என்று பரவின. அந்த மாநாட்டுக்குப் பணம் கொடுத்ததும், அங்கு வைக்கப்பட்ட ஆய்வுக்கு இந்தச் சேர்மங்களைக் கொடுத்ததும் இவற்றில் வணிக ஆர்வம் கொண்ட ஒரே நிறுவனம்! ஏன் இவ்விரண்டைத் தேர்ந்தார்கள் என்பதற்கு அந்த ஆய்வுக் கட்டுரையில் விளக்கமே கிடையாது. பட்டு அந்துப்பூச்சியின் பெரோமோனைக் கண்டறிய, 1959இல் முடிவை வெளியிட்ட ஜெர்மன் வேதியியலாளர் புட்டெனான்ட்டின் குழு சுமார் 5 லட்சம் பூச்சிகளிலிருந்து சாறெடுத்து, ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, எதற்கு ஆண்பூச்சி சிறகடிக்கிறது என்று சோதித்தது. மனித வியர்வையில் அப்படிச் சலித்தெடுத்து யாரும் இந்த இரண்டுக்கு வந்து சேரவில்லை. 2017இல் வெளியான ஆய்வில், இவற்றை முகர்ந்தவர்கள் முகங்களுக்குக் கொடுத்த கவர்ச்சி மதிப்பெண்ணில் மாற்றமில்லை.

‘மூக்கிலுள்ள தனி உறுப்பு மூளைக்கு நேராகச் செய்தி அனுப்பும்’ என்பது அடுத்த விளம்பர வரி. எலிக்கு அது பொருந்தும். மனிதருக்கு அந்த உறுப்பின் எச்சம் மட்டுமே உண்டு. அது இயங்கத் தேவையான டிஆர்பிசி2 மரபணு செயலிழந்துவிட்டது. மனித பெரோமோனுக்குச் சான்றாக, சேர்ந்து வாழும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒன்றாக வரும் என்ற 1971 ஆய்வையும் இழுப்பார்கள். பின்வந்த பல ஆய்வுகளில் அது நிற்கவில்லை.

பாலூட்டும் தாயின் மார்க்காம்பைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் கசிவுக்குப் பச்சிளங்குழந்தைகள் வாயசைப்பதை 2009இல் காட்டினார்கள். மனித பெரோமோனைத் தேடுவதற்கு நல்ல தடயம் அதுதான். அதற்கும் செண்டுக்கும் சம்பந்தமில்லை.

இனி பணம். ‘மில்லிகிராம்’ என்று போட்டு எதன் மில்லிகிராம் என்று சொல்லாமல் ‘ரகசியக் கலவை’ என்றால் வாங்காதீர்கள். மொத்த எடையில் பெரும்பங்கு வாசனை எண்ணெயாகவே இருக்கலாம். ‘பலனில்லையேல் பணம் வாபஸ்’ என்பதன் கீழே ‘சீல் உடைக்காத புட்டிக்கு மட்டும்’ என்று இருக்கிறதா பாருங்கள். உடைக்காமல் பலனை எப்படிப் பார்ப்பது? இலவச மாதிரிக்குக் கார்டு எண் கேட்டால், மாதாமாதம் பணம் பிடிக்கும் சம்மதம் அதே பக்கத்தில் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கக்கூடும். பிடித்துவிட்டார்களானால் விற்பவருக்கு ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து அந்தப் பணப்பிடித்தத்தை ஏற்கவில்லை என்று உடனே வங்கியில் மறுப்புப் புகார் கொடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.